என் தொட்டி மீனுக்கும் புரட்டாசி

பஸ்ஸ விட்டு எறங்கறவங்க எல்லாம் நேரா எங்க வாசல்ல வந்து நின்னுக்கினு, "மீன்கார பூங்கோதை வூடு எதுங்க"ன்னு கேக்கறாங்க. சந்தவாசல்ல பஸ் நிக்கிற எடத்துக்கு எதிர்ல எங்க வாசல் தான் மொதல்ல கண்ணுல படுது, அதான். எனக்கும் வசந்தின்னு ஒரு பேரு இருக்குது. அத்த ஒருத்தரும் கேக்கறதில்ல. பக்கத்து வாசல்னு கையக் காட்டி காட்டி எனக்கு தோளே இறங்கிப் போச்சு. நீங்களும் அவளத்தான் கேக்கறீங்க. குந்துங்க. அவ ஏரிப் பக்கம் போயிருக்கா, வர நேரம் ஆவும். அவளைப் பத்தி என்னைவிட யாரு தெரிஞ்சி வெச்சிருக்கா? நானே சொல்றேன்.

பூங்கோதை எனக்கு ஓரகத்தி. என் வூட்டுக்காரரு சிங்காரம் மூத்தவரு, அவ புருசன் வீரன் எளையவன். படவேட்டுப் பக்கத்துல இருந்து வந்தவ. அவங்க அப்பாரு வாத்து மேய்க்கிறவரு. அறுப்பு முடிஞ்ச கழனியா பார்த்து வாத்த ஓட்டிக்கினு ஊர் ஊரா போறவரு. தாயில்லாத பொண்ணு, அப்பன் கூடவே வரப்பு வரப்பா சுத்தி வளந்துது. கல்யாணமாகி வந்தப்போ அவ காலப் பாத்தேன். குதிகால் பூரா வெடிப்பு. இதுக்கா இவ்ளோ தூரம் போய் பொண்ணு கட்டினாங்கன்னு நெனச்சேன், வாய் விட்டும் சொன்னேன். அவ கேட்டுட்டு, வாய கையால மூடிக்கினு சிரிச்சா. அன்னிக்கே எனக்குப் பிடிக்கல. ஒருத்தி திட்டினா திருப்பித் திட்டணும். இவ சண்டைக்கே வர மாட்டா. சண்டைக்கு வராதவள எப்பிடி ஜெயிக்கிறது?

சமையலும் வராது. அவ வெக்கிற ரசம் பாத்திரம் கழுவின தண்ணி. ஆனா வீரன் அத்த உறிஞ்சி உறிஞ்சி குடிச்சிட்டு சோக்கா இருக்குதும்பான். என் வூட்டுக்காரரு என் கொழம்ப ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அப்பிடி சொன்னதில்ல.

எங்க வூடுங்கள்ல ஒரு பழக்கம் உண்டு. தம்பி பொண்டாட்டி புருசனோட அண்ணன்கிட்ட நேருக்கு நேரா பேச மாட்டா. அவரு வந்தா எழுந்து கதவு மறைவுல நிப்பா. எதுனா சொல்லணும்னா என்கிட்ட சொல்லுவா, நான் அவருகிட்ட சொல்லணும். அவரு பக்கத்துலயே நின்னு காதுல கேட்டுக்கினு இருந்தாலும் நான் ஒரு தரம் சொல்லியாவணும். இத்த ஞாபகம் வெச்சிக்குங்க. இதுதான் அப்பால என் தலையில விடிஞ்சிது.

என் வூட்டுக்காரரு அப்போ லாரி ஓட்டிக்கினு இருந்தாரு. ஜமுனாமரத்தூர்ல இருந்து சாமை மூட்டை, புளி, தேனு எல்லாம் ஏத்திக்கினு மலைப்பாதையில எறங்கணும். எம்பத்தி மூணாம் வருசம், ஆனி மாசம். ஒரு வளைவுல பிரேக்கு பிடிக்கல. மனுசன் ஸ்டேரிங்க ஒடிச்சி மலைப் பக்கமா பாறையில சாத்திட்டாரு. அந்தப் பக்கம் போயிருந்தா பள்ளம். தோள்பட்ட எலும்பு முறிஞ்சி கட்டு போட்டுக்கினு வூட்டுக்கு வந்தாரு.

அவரப் பார்த்த நிமிசத்துலயே நான் தெக்கப் பார்த்த வூட்டுல வடக்க திரும்பி திருப்பதி மலையானுக்கு வேண்டிக்கினேன். இந்த உசுர எனக்கு விட்டு வெச்சியே, இனிமேலும் விட்டு வை. தை மாசம் கூட்டிக்கினு வந்து மொட்டை போடறேன். அது வரைக்கும் இந்த வூட்டுக்குள்ள ஒரு உசுரக் கொன்னு சோறு நடக்காது. எல்லா வூட்டுலயும் புரட்டாசிக்குத் தான் கவிச்சிய நிறுத்துவாங்க. எங்க வூட்டுல ஆனியிலேயே புரட்டாசி பொறந்துடுச்சி.

"இனிமே மலைக்கு லாரி வேணாங்க"ன்னு அவருகிட்ட அழுதேன். சோறு போடறப்போ அழுதேன், கட்டு மாத்தறப்போ அழுதேன். "பாக்கலாம்" ன்னாரு. எது கேட்டாலும் அந்த மனுசன் வாயில இருந்து வர்றது அந்த ஒரு வார்த்த தான். நல்லா ஆனதும் திரும்ப மலையேறப் போறாருன்னு எனக்குத் தெரியும்.

அந்த நேரத்துல தான் மீனு வந்துது. வீரன் கொஞ்ச காலம் மெட்ராஸ்ல கண்ணாடித் தொட்டி மீனு வளக்கிற எடத்துல வேல பார்த்தவன். அவன் மூலமா வேலூர்ல இருந்து ராஜாக்கண்ணுன்னு ஒரு யாவாரி வந்தாரு. ஓட்டலு, ஆஸ்பத்திரி, பெரிய மனுசங்க வூடுங்க, இங்கெல்லாம் கண்ணாடித் தொட்டி வெச்சி மீனு விட்டுக் குடுக்கிறது அவரு தொழிலு. அவரு பிளாஸ்டிக் பையில ஏஞ்சல்னு ஒரு மீனு கொண்டாந்தாரு. வெத்தல மாதிரி தட்டையா, ஒடம்புல கறுப்புக் கோடு போட்டுக்கினு, மேலயும் கீழயும் துடுப்பு நீட்டிக்கினு சும்மா மெதக்கும். அழகுதான், இல்லன்னு சொல்லல.

ரெண்டு அடுப்பு ஆன வூடு, அதனால ரெண்டு சிமெண்ட் தொட்டி. எனக்கு ஒரு ஜோடி, அவளுக்கு ஒரு ஜோடி. தொட்டியில ஒரு ஒடஞ்ச ஸ்லேட்டு பலகைய சாய்ச்சி வெக்கணும். பொட்ட மீனு அதுல வரிசையா முட்டைய ஒட்டும். ஒட்டினதும் பலகைய எடுத்து வேற தண்ணியில வெச்சிடணும், இல்லாங்காட்டி தாயும் தகப்பனுமே தின்னுடும். ராஜாக்கண்ணு போறப்போ சொன்னாரு: "கார்த்திகையில வர்றேன். ரெண்டு தொட்டிய நம்பி நான் யாவாரம் பண்ண முடியாதும்மா. எந்தத் தொட்டி விடாம குஞ்சு குடுக்குதோ, என் மீனு அத்தனையும் அந்த வூட்டுக்குத் தான்."

எனக்கு அது தெய்வ வாக்கா கேட்டுது. என் தொட்டி ஜெயிச்சா என் வூட்டுக்காரரு மலையேற வேணாம். வாசல்லயே தொழிலு. அந்த மீனுங்கள நான் எப்பிடிப் பார்த்துக்கினேன்னு நெனைக்கிறீங்க? என் வூட்டு மனுசரப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். நாங்க தின்னறத அதுங்களுக்கும் போட்டேன். பொட்டுக்கடல மாவு, மசிச்ச சோறு, இட்லிப் பிட்டு, சனிக்கிழம பெருமாளுக்குத் தளிகை போட்டா சர்க்கரப் பொங்கல்ல ஒரு துளி. மீனும் என் வூட்டுக்குள்ள இருக்கிற உசுரு தான? வேண்டுதல் வூட்டுக்குத் தான? அப்போ அதுங்களுக்கும் சேத்துத் தான்.

அவ இன்னா பண்ணா தெரியுமா? விடிஞ்சதும் ஒரு பால் டப்பாவையும் பழைய பொடவத் துணியையும் எடுத்துக்கினு ஏரிக்கரைக்குப் போவா. மாட்டுக் குளம்பு பதிஞ்ச பள்ளம், கழனி மூல, பாசி புடிச்ச குட்டை, எல்லாத்துலயும் துணியப் போட்டு அலசி கொசுப்புழுவ அள்ளிக்கினு வருவா. டப்பாவுல கொழகொழன்னு நெளியும். ஊருல பொம்பளைங்க தண்ணி கொண்டாருவாங்க, இவ புழு கொண்டாருவா. அத்த அலசி தொட்டியில விட்டான்னா அந்த மீனுங்க பாஞ்சி பாஞ்சி பொறுக்கும். ஒரு சனிக்கிழம வெரதம் இருந்து நெத்தியில நாமம் போட்டுக்கினு, அதே கையால புழு போட்டா. "பாவம் புண்ணியம் ஒண்ணும் கெடையாதாடி உனக்கு"ன்னு கேட்டேன்.

"வெரதம் நமக்கு தானக்கா"ன்னா. "எங்க அப்பாரு வாத்துக்கு வெறும் தவுடு போட்டாருன்னா முட்ட நின்னு போவும். நத்தையும் புழுவும் இருக்கிற கழனியில எறக்கினா மறுபடியும் வெக்கும். மீனும் அப்பிடித் தான் இருக்கும்னு பாக்கறேன்."

வாத்து மேய்ச்சவ எனக்குப் பாடம் சொல்றாளான்னு மூஞ்சியத் திருப்பிக்கினேன்.

அவ பலகையில ஆடி முடியறதுக்குள்ள முட்ட ஏறிடுச்சி. ஜவ்வரிசிய நெருக்கி நெருக்கி ஒட்டின மாதிரி பலகை நெறைய. வீரன் சந்துல நின்னுக்கினு ஊரையே கூட்டிட்டான். எனக்கு வயிறு எரிஞ்சிது பாருங்க, அப்பிடி எரிஞ்சிது. என் பலகை கழுவி வெச்ச மாதிரி வெறுமனே கெடக்குது. அவ முட்டைய எடுத்து தனியா வெச்சா, குஞ்சு பொரிஞ்சி தூசியாட்டம் நீந்த ஆரம்பிச்சிது, அதுக்குள்ள அடுத்த பலகையும் நெறஞ்சிது. ராத்திரி தூங்கப் போறப்போ அவ தொட்டி தான் கண்ணுல. காலையில மொத வேல என் பலகையப் பார்க்கிறது, ரெண்டாவது வேல மதில் மேல எட்டி அவ பலகையப் பார்க்கிறது.

ஆவணியில என் பொட்ட மீனு வயிறு உப்பிச்சி. அப்பாடான்னு இருந்துது. வர்றவங்க போறவங்க எல்லாரையும் கூட்டியாந்து காட்டினேன். அவளும் வந்து குனிஞ்சி பார்த்தா. மெதுவா, "அது முட்ட இல்லக்கா. சோறு"ன்னா. நான் ஒரு வாரம் அவ கூட பேசல. முட்டையும் வரல. வயிறு ஒண்டி உப்பிக்கினே போச்சி, தண்ணியும் கலங்கிப் போயி ஒரு வாட.

ஒரு நாள் எனக்குப் பட்டுது. அந்த ராஜாக்கண்ணு பையைப் பிரிச்சப்போ மொதல்ல கைய நீட்டினவ அவ தான். நல்ல ஜோடிய அவ எடுத்துக்கினு மலட்டு ஜோடிய என் தலையில கட்டிட்டா. அவ்ளோ தான், நேரா போனேன். தெருவுல நாலு பேரு இருக்கறப்போவே கேட்டேன். "மனசாட்சி இருந்தா மீன மாத்திக்கலாம் வா. உன் ஜோடி எனக்கு, என் ஜோடி உனக்கு."

சண்டை போடுவான்னு பார்த்தேன். வீரன் கூட "இன்னா அண்ணி இது"ன்னு குதிச்சான். அவ தொட்டியில கைய விட்டு அந்த ஜோடிய அலுங்காம சொம்புல ஏத்தி என் கையில குடுத்தா. "எடுத்துக்குங்கக்கா"ன்னா. என் மீன வாங்கி அவ தொட்டியில விட்டா. எனக்கு அப்பவே சப்புன்னு ஆயிடுச்சி. ஒரு பொருள பறிச்சா அவ வுடக் கூடாதுன்னு இழுக்கணும், அப்போ தான் பறிச்ச மாதிரி இருக்கும்.

வந்த கொஞ்ச நாளுக்குள்ள அந்த ஜோடி என் பலகையில முட்ட வெச்சிது. ஐயோ, அன்னிக்கு நான் தரையில நடக்கல. தெருவுக்கே சர்க்கரப் பொங்கல் குடுத்தேன், அவ வூட்டுக்கு ரெண்டு கரண்டி அதிகமாவே குடுத்தேன். அந்த முட்டையில பாதி வெளுத்து பூசணம் பூத்துப் போச்சி, மீதியில பொரிஞ்சது கொஞ்சம். பரவால்ல, அடுத்தது நல்லா வரும்னு நெனச்சேன். அடுத்தது வரவேயில்ல. வயித்துல மிச்சம் இருந்தத வெச்சிட்டு அந்த மீனும் என் வூட்டு மீனா ஆயிடுச்சி. பொங்கலத் தின்னுட்டு மூலையில நிக்குது.

அந்தப் பக்கம் என் மலட்டு ஜோடி? ஐப்பசி மழ புடிச்சி பள்ளம் பூரா புழுவா கெடந்துது. அவ அள்ளி அள்ளிப் போட்டா. மொதல்ல அந்தப் பொட்ட எளச்சிது, அப்பால சுறுசுறுப்பா சுத்திச்சி, அப்பால பலகையச் சொரண்டி சுத்தம் பண்ணிச்சி. நான் மதில் மேல நின்னு பார்த்துக்கினு தான் இருந்தேன். ஒரு காலையில பலகை நெறைய ஜவ்வரிசி. என் மீனு. நான் சோறூட்டி வளத்த மீனு, அவ வூட்டுல போயி முட்ட வெக்குது. தெருவுல எல்லாரும் சிரிச்சாங்க. மூக்கறுந்து போயி உள்ள வந்து கதவ சாத்திக்கினேன்.

மீனுல இல்ல, தீனியில தான் எல்லாம்னு எனக்கு இப்போ தெளிவாத் தெரிஞ்சி போச்சி. தெரிஞ்சி இன்னா பண்றது? புழுவப் போட்டா வேண்டுதல் போச்சி. எந்த உசுருக்காக வேண்டிக்கினேனோ அதுக்கு எதுனா ஆச்சின்னா? புழுவப் போடலன்னா முட்ட இல்ல. முட்ட இல்லன்னா அதே உசுரு மறுபடியும் மலையேறும். எப்பிடித் திரும்பினாலும் எனக்குத் தான் அடி. அவளுக்கு இன்னா, அவ புருசன் பத்திரமா பக்கத்துல இருக்கான். வேண்டுதலும் கெடையாது, பயமும் கெடையாது. அவ நிம்மதிய நெனச்சா எனக்கு அவ மீன விட அதுதான் காந்துச்சி.

கார்த்திகையில சொன்ன மாதிரி ராஜாக்கண்ணு வந்தாரு. அவ தொட்டியெல்லாம் குஞ்சா துள்ளுது. என் தொட்டிய எட்டிப் பார்த்தாரு. "அடுத்த வாரம் மத்த மீனெல்லாம் கொண்டாந்து பூங்கோதை வூட்டுல எறக்கிடறேன்"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறினாரு. அதே சாயங்காலம் லாரி மொதலாளி ஆள் அனுப்பினாரு. மலையில சாமை அறுப்பு முடிஞ்சி மூட்டை அடுக்கி கெடக்குது, சிங்காரத்த வரச் சொல்லுன்னு. என் வூட்டுக்காரரு பொட்டியத் தெறந்து காக்கிச் சட்டைய எடுத்து ஒதறி வெயில்ல போட்டாரு. தோளு இன்னும் முழுசா மேல தூக்க வராது.

"வேணாங்க." 

"பாக்கலாம்."

"இன்னாத்தப் பாக்கலாம்? சட்டைய எடுத்துட்டீங்க, இன்னும் இன்னாத்தப் பாக்கலாம்?" 

அவரு பீடியப் பத்த வெச்சிக்கினாரு.

நான் விடிஞ்சதும் டப்பாவ எடுத்துக்கினு அவ போற அதே பள்ளத்துக்குப் போனேன். என் பொடவைய முழங்காலுக்கு மேல சொருகிக்கினு சேத்துல எறங்கி புழுவ அள்ளினேன். கொண்டாந்து என் தொட்டி மேல டப்பாவ சாய்ச்சி புடிச்சிக்கினு நின்னேன். கை வரல. சாமி மேல சத்தியமா கை வரல. உள்ள அவரு இருமற சத்தம் கேக்குது. இந்தப் புழுவும் ஒரு உசுரு, அந்த இருமலும் ஒரு உசுருன்னு தோணுது. டப்பாவ அப்பிடியே வெச்சிட்டு தொட்டி ஓரத்துல ஒக்காந்து அழுதேன். நிமிந்து பார்த்தா மதிலுக்கு அந்தப் பக்கம் அவ நின்னுக்கினு இருக்கா. எப்போ வந்தாளோ. அந்த எடத்துல யாரு பார்த்திருந்தாலும் எனக்கு இவ்ளோ கேவலமா இருந்திருக்காது.

மறு நாள் காலையில அவரு காக்கிச் சட்டையப் போட்டு பொத்தான் மாட்டிக்கினு இருக்காரு. அவ வந்தா. கதவுக்கு வெளியவே, மறைவுல நின்னா. என்னைப் பார்த்துத் தான் பேசினா, ஆனா உள்ள இருக்கிற மனுசனுக்குக் கேக்கற மாதிரி பேசினா.

"அக்கா, மாமாவ லாரிக்குப் போவ வேணாம்னு சொல்லுங்க. வேலூர் அண்ணன் அவ்ளோ மீன எறக்கினா, எல்லாத்துக்கும் புழு அள்ள என் ஒருத்தியால முடியாது. எங்க வூட்டுக்காரரு வளத்த குஞ்ச பஸ்ல போட்டுக்கினு வேலூரு போவப் போறாரு, இங்க ஆள் இல்ல. புழு இல்லன்னா என் மீனும் முட்ட வெக்காது. மாமா கூட இருந்தா தான் இந்தத் தொழிலு நிக்கும். பங்கு சரி பாதி."

பழக்கத்த விடக்கூடாதில்ல. நான் உள்ள திரும்பி சொன்னேன். "லாரிக்குப் போவ வேணாமாம். புழு அள்ள ஆள் வேணுமாம்."

அவரு மாட்டின பொத்தான ஒண்ணொண்ணா கழட்டினாரு. சட்டைய மடிச்சி பொட்டிக்குள்ள வெச்சாரு. "சரின்னு சொல்லு"ன்னாரு.

சரி. பாக்கலாம் இல்ல, சரி. ஆனியில இருந்து கார்த்திகை வரைக்கும் நான் அழுத அழுகைக்கு பாக்கலாம். கதவு மறைவுல இருந்து அவ சொன்ன நாலு வார்த்தைக்கு சரி. நான் கேட்டது எனக்குக் கெடச்சிடுச்சி, மனுசன் மலையேறல. திருப்பதி மலையான் குடுத்துட்டான், ஆனா அவ கையால குடுத்தான். அது எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறல. ஆறணும்னு நீங்க சொல்லாதீங்க.

அன்னில இருந்து எனக்கு ஒரு வேல வந்து சேந்துது. காலையில அவ வந்து நிப்பா. "அக்கா, மாமாவ இன்னிக்கி கழனிப் பக்கம் போவச் சொல்லுங்க, ஏரியில தண்ணி ஏறிடுச்சி." நான் சொல்லணும். "அக்கா, நேத்து மாமா கொண்டாந்த புழு ரொம்ப சுத்தமா இருந்துதுன்னு சொல்லுங்க." அதையும் நான் தான் சொல்லணும். அந்த மனுசன் அத்தக் கேட்டு மீசைக்குள்ள சிரிப்பாரு. என் கொழம்புக்கு சிரிக்காத மீச.

தை பொறந்துது. திருப்பதிக்குப் போனோம், அவருக்கு மொட்டை போட்டோம், வேண்டுதல் தீந்துது. வந்த அன்னிக்கே நான் என் கையால என் தொட்டியில புழுவப் போட்டேன். அவ அள்ளினது இல்ல, அவரு அள்ளினதும் இல்ல, நானே போயி அள்ளினது. பொங்கல நிறுத்தினேன், சோத்த நிறுத்தினேன், கெட்ட தண்ணிய எறச்சி மாத்தினேன். மூலையில நின்ன பொட்ட மீனு மெல்ல மெல்ல நடுவுக்கு வந்துது. மாசிப் பனியில ஒரு காலையில பார்த்தேன், என் ஸ்லேட்டு பலகையில ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் முட்ட. ஒண்ணு கூட வெளுக்கல. அவ பலகையில நான் பார்த்த எதையும் விட அதிகம்.

நான் ஊரக் கூட்டல. வீரனக் கூப்பிடல. அவர ஒண்டி எழுப்பி கையப் புடிச்சி கூட்டியாந்து காட்டினேன். மொட்டத் தலையில துண்டப் போட்டுக்கினு குனிஞ்சி பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. மூஞ்சியெல்லாம் மலந்து போச்சி. இப்போ சொல்லுவாரு, இப்போ சொல்லிடுவாருன்னு நான் அவரு வாயவே பார்த்துக்கினு நின்னேன்.

நிமிந்து என்னைப் பார்த்து சொன்னாரு. "ஓடு, மொதல்ல போயி பூங்கோதைகிட்ட சொல்லிட்டு வா."

போய்ச் சொல்லிட்டு வந்தேன். அதோ டப்பாவத் தூக்கிக்கினு வர்றா பாருங்க, அவ தான்.